எழுதி வாங்காத சம்பள உயர்வு

எனக்கு வாய் நீளம். மில்லில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரும் இதைச் சொல்லித்தான் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவார்கள். "அந்தம்மாகிட்ட வச்சுக்காத, வகுந்துரும்" என்பார்கள். கேட்க எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும். அப்பேர்ப்பட்ட வாய், பேசியே ஆக வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடிக்கொண்டது. அதனால் ஒருவருடைய பிழைப்பு போனது. அவர் எனக்கு அண்ணன்.

கூடப் பிறந்தவர் இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் எல்லாம் பெண்கள். என் மகள் பெரியவளானபோது, என் புருஷன் வீட்டு ஆட்கள் சபையில் வைத்து, "தாய்மாமன் யாரு, சீரு எங்கிட்டு இருந்து வருது?" என்று கேட்டார்கள். எனக்கு அண்ணன் தம்பி இல்லை என்று தெரிந்துதான் கேட்டார்கள். மறுநாள் மில்லில் யாரிடமோ இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். சடங்கு அன்று காலை வாசலில் மேளச் சத்தம். எட்டிப் பார்த்தால், எங்கள் மில் எலெக்ட்ரீசியன் அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் வருகிறார். பின்னால் அவர் சம்சாரம், சொந்தக்காரப் பெண்கள், கையில் பதினோரு தட்டு. பட்டுச்சேலை, மாலை, தேங்காய், பழம் எல்லாம் முறையாக. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் இருக்கேன்லத்தா, ஒனக்கு என்ன கொறச்சல்?" என்றார். அன்றிலிருந்து அவர் அண்ணன், அவர் சம்சாரம் எனக்கு மதினி.

மில் கரூர் ரோட்டில் இருக்கிறது. மில் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது பெரிய கம்பெனி. மூன்று யூனிட், வெளியூரில் ஹெட் ஆபீஸ், ஷிப்டுக்கு ஷிப்டு பஸ் பஸ்ஸாக ஆட்கள். நான் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, இப்போது ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, வேலையை விட்டுப் போகிறேன் என்பவரைப் பேசி நிறுத்துவது எல்லாம் பார்க்கும் இடத்தில் இருக்கிறேன். கதவில் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதியிருக்கும். பெர்சனல் டிபார்ட்மெண்ட் என்பதால் தொழிலாளிகளுக்கு நான் பெர்சனல் அம்மா.

கவுண்டர் ஆபர் என்று ஒன்று இருக்கிறது. வேறு கம்பெனி கூப்பிட்டுவிட்டது, போகிறேன் என்று ஒருவன் கடிதம் கொடுத்தால், போகாதே என்று சொல்லி அவன் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பது. வாயைத் திறக்காமல் இருபது வருடம் உழைக்கிறவனுக்கு அது கிடையாது. போகிறேன் என்று சொல்கிறவனுக்குத்தான். இந்த அநியாயத்தை இத்தனை வருடமாக நல்ல ஆங்கிலத்தில் கடிதமாக அடித்துக் கொடுத்தவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் அந்த வாயைத் திறக்காத ரகம். ஐடிஐ படித்தவர். நூலைக் கோனில் சுற்றுகிற பெரிய மிஷின்களுக்குள் எலெக்ட்ரானிக் கார்டுகள் இருக்கும். ஒன்று பழுதானால் மிஷின் விற்றவன் புதுசு வாங்கு என்பான். ஒரு கார்டு வாங்கும் காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாம். அண்ணன் பழையதையே கழற்றி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, பற்றவைத்து மறுபடி ஓட வைத்துவிடுவார். மூன்று யூனிட்டிலும் அந்த வேலை தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். ஆனால் ஐடிஐ என்பதால் அவருடைய கிரேடு ஓரிடத்தில் போய் முட்டி நின்றுவிட்டது. அவரோடு நின்று வேலை பழகிய டிப்ளமோ பையன்கள் அவருக்கு மேல் சம்பளம் வாங்கினார்கள். அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள், அது வேறு. எழுந்து நிற்பதை வைத்து வீட்டில் உலை வைக்க முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம், கேண்டீனில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, செத்த நேரம் ஒக்காரு. ஒரு சேதி."

"என்னண்ணே, முகமெல்லாம் பல்லா இருக்கு?"

"கோயமுத்தூர்ல மிஷின் கம்பெனி ஒண்ணு கூப்புட்டுருக்கான். சர்வீஸ் இன்ஜினியரா வரச் சொல்றான். ஐடிஐக்காரன இன்ஜினியருங்குறான்த்தா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாற்பத்தெட்டு வயது மனிதர், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தார். சம்பளம் இங்கே வாங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மகன் கோயம்புத்தூரில்தான் காலேஜில் படிக்கிறான். வீட்டை ஆத்தூரிலிருந்து அங்கே மாற்றிவிடலாம், மகனுக்கு ஹாஸ்டல் சோறு மிச்சம் என்று மதினி கணக்குப் போட்டுவிட்டாள் என்றார். "இந்த வயசுக்கு இன்னொரு தடவ எவனும் கூப்புட மாட்டான். இதுதான் கடைசி. நீ என்னத்தா சொல்ற?"

"போங்கண்ணே! கண்ண மூடிக்கிட்டுப் போங்க. இங்க என்னத்தக் கண்டீங்க?" என்றேன். மனசாரச் சொன்னேன். அது சத்தியம்.

மறுநாள் அவர் கடிதத்தைக் கொடுத்தார். அதற்கு மறுநாள் வைஸ் பிரசிடெண்ட் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மூன்று யூனிட்டுக்கும் அவர்தான் தலை. சென்னைக்காரர். பெரிய பெரிய கம்பெனிகளில் இருந்துவிட்டு வந்தவர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு கஷ்டம் இருக்காது, அவர் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தூங்குவேன்.

"மேடம், இந்த எலெக்ட்ரீசியன் போகக் கூடாது. இவர் போனா கார்டு செலவே நம்மள முழுங்கிடும்" என்றார்.

"இத்தன வருசமா அது யாருக்கும் தெரியலையா சார்?" என்றேன். சிரித்துக்கொண்டார். பிறகு சொன்னார், சூப்பர்வைசர் கிரேடு போட்டுவிடலாம், கோயம்புத்தூர்க்காரன் சொன்ன சம்பளத்துக்குக் கிட்டக்கக் கொடுத்துவிடலாம், ஏப்ரலில் எல்லோருக்கும் சம்பளம் திருத்தும்போது சேர்த்துச் செய்துவிடலாம் என்று. இப்போதே தனியாகக் கடிதம் கொடுத்தால் மற்றவர்களும் வந்து நிற்பார்களாம். ஆகவே கடிதம் ஏப்ரலில். அதுவரை அவருடைய வார்த்தை.

அப்புறம் ஒன்று சொன்னார். என்னுடைய பதவி உயர்வு பைல் அவர் மேஜையில் இருக்கிறதாம். "போறேன்னு சொன்ன முக்கியமான ஆளை நிறுத்தினாங்கன்னு எழுத எனக்கு ஒரு பாயிண்ட் கெடைச்சா நல்லது." மிரட்டலாகச் சொல்லவில்லை. டீ சாப்பிடுங்கள் என்பது மாதிரித்தான் சொன்னார். எனக்கு மகளின் காலேஜ் ஞாபகம் வந்தது. அதற்கும் முன்னால், கதவில் இருக்கும் பலகையில் துணை மேனேஜர் என்று ஆங்கிலத்தில் இருப்பதில் 'துணை' என்கிற சொல் போய்விடும் என்பது ஞாபகம் வந்தது. எதற்கு மறைக்க?

"ஆனா வார்த்தைய நம்புவாரா மேடம்? கையில பேப்பரோட ஒருத்தன் கூப்பிடறானே" என்றார்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

"சார், நீங்க அவர் வீட்டுக்குப் போயி ஒரு வேளை சாப்பிட்டுட்டு வந்துருங்க" என்றேன்.

"சாப்பாடா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். அவர் போக மாட்டாரு."

அவருக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும். பெண் பார்க்கப் போகிறவர்கள் பேச்சு முடிகிற வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எவ்வளவு பசி என்றாலும், எவ்வளவு கெஞ்சினாலும், சம்மதம் என்று ஆன பிறகுதான் இலையில் உட்காருவார்கள். நிலம் பேசப் போனாலும், முறைத்துக்கொண்ட பங்காளிகளைச் சேர்த்துவைக்கப் போனாலும் அப்படித்தான். ஒருவர் வீடு தேடி வந்து பேசிவிட்டு இலையில் கை வைத்துவிட்டார் என்றால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் கையெழுத்து, சாட்சி என்று கேட்டால் அது சாப்பிட்டவரை அவமானப்படுத்துவது. இவையெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். சென்னைக்காரருக்கு அது ஒரு மத்தியானச் சாப்பாடு. அண்ணனுக்கு அது பத்திரம் எழுதினது மாதிரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் நான்.

இன்னொன்றும் செய்தேன். சம்பளத்தைக் கூட்ட ஹெட் ஆபீஸ் சம்மதிக்க வேண்டும் என்றால் அவர்கள் அனுப்பும் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே, 'வெளியேற விருப்பம் தெரிவித்தவர்' என்று குறிக்க வேண்டும். குறித்தேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக் குறித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக் காரில் செம்பட்டி வழியாக ஆத்தூர் போனோம். மழை விட்டிருந்தது. அண்ணன் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ரோட்டுக்கே வந்து நின்றார். மதினி விடிகாலையிலேயே எழுந்து சமைத்திருக்கிறாள் என்பது வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், ரசம், அதற்கு மேல் ஒரு பாயசம். இலை போட்டார்கள். வைஸ் பிரசிடெண்ட் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து இலை போட்டாள் மதினி.

"வெஞ்சனம் போதுமா சார்? கேட்டு வாங்கிச் சாப்புடுங்க. கூச்சப்படக் கூடாது" என்று மதினி பரிமாறிக்கொண்டே இருந்தாள். அண்ணன் உட்காரவே இல்லை. விசிறியைப் பார்ப்பதும், தண்ணீர்ச் சொம்பைத் தூக்குவதுமாக நின்றார். வைஸ் பிரசிடெண்ட் நன்றாகத்தான் சாப்பிட்டார், குறை சொல்ல முடியாது. இரண்டாவது தரம் குழம்பு கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டே, "ஏப்ரல்ல நீங்க சூப்பர்வைசர். அது என் பொறுப்பு. கோயம்புத்தூரை மறந்துடுங்க" என்றார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

வைஸ் பிரசிடெண்ட் கை கழுவப் போனபோது மதினி என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாயி, பேப்பர்ல ஏதும் எழுதித் தருவாகளா? கோயமுத்தூர்க்காரவுக லெட்டரே அனுப்பிட்டாகள்ல" என்றாள்.

படிக்காத பெண். அந்த வீட்டில் அன்றைக்கு அவள் ஒருத்திதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் வந்து நின்ற அண்ணன் கேட்டுவிட்டார். "அடச் சீ! வீடு தேடி வந்து கை நனைச்ச மனுசன்கிட்டப் போயி பேப்பரக் கேப்பியா? வெக்கமா இல்ல ஒனக்கு?" என்று அவளைக் கடிந்தார். கடிந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் அண்ணே என்று நான் சொல்ல வேண்டும் என்று பார்த்தாரா, இல்லை, மதினி சொல்வது சரி என்று சொல்ல வேண்டும் என்று பார்த்தாரா, இரண்டு வருடமாக யோசிக்கிறேன்.

எழுதி வாங்குங்கண்ணே. இரண்டு சொல். இத்தனை வருடச் சர்வீஸில் முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. "பாயசம் எங்க மதினி? ஒளிச்சு வச்சுட்டியா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

திங்கட்கிழமை, என் அறைக்கு வெளியே நின்றுகொண்டுதான் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். "மன்னிச்சுக்கங்க சார். இங்க மொதலாளி வீடு தேடி வந்துட்டாக. அதுக்கு மேல போனா நல்லாருக்காது" என்றார். முதலாளி என்றார்! வைஸ் பிரசிடெண்டும் எங்களைப்போல் மாதச் சம்பளக்காரர்தானே. முதலாளியை நானே இத்தனை வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்தப்பக்கம் என்ன சொன்னார்களோ, அண்ணன் நாலைந்து தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

தை மாதம் என் பதவி உயர்வு வந்தது. கடிதமாக வந்தது, கையெழுத்தோடு. பலகையில் 'துணை' போனது. அண்ணன் என் அறைக்கு லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நான் அவருக்கு வாங்கித் தர வேண்டியதை அவர் எனக்கு வாங்கி வந்தார். வாங்கித் தின்றேன்.

மாசியில் வைஸ் பிரசிடெண்ட் வேறு கம்பெனிக்குப் போனார். எங்கள் கம்பெனி அவருக்கும் கூட்டித் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தது. அவர் இருக்கவில்லை. வழியனுப்பும் கூட்டத்தில் கேக் வெட்டி முடித்ததும் தனியாக நின்றபோது, "கவுண்டர் ஆபரை மட்டும் யாரும் ஒத்துக்கவே கூடாது மேடம். ஒரு தடவை போறேன்னு சொன்னவனைக் கம்பெனி மறக்காது" என்றார், எனக்கு நல்லது சொல்வது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப எங்க அண்ணனுக்கு என்ன சார் சொன்னீங்க?"

ஒரு நிமிடம் யார் என்று யோசித்தார். பிறகு, "ஓ, அவரா? நான் சொல்லிட்டுப் போறேன் மேடம், கவலைப்படாதீங்க" என்றார். சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஏப்ரலில் எல்லோருக்கும் சம்பளக் கடிதம் வந்தது. அண்ணனுக்கும் வந்தது. வழக்கமாகக் கூடுகிற அதே கொஞ்சம். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக் கதவோரம் நின்றார். "ஏத்தா, இது பழைய கணக்குல வந்துருச்சு போல. மாத்தி வரும்ல?" என்றார். குரலில் துளி சந்தேகம் இல்லை. கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார் பாவம்.

புதிதாக வந்த தலைவரிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கோழிக் குழம்பு உட்பட. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெயில் இருக்கா?" என்றார். இல்லை. "லெட்டர்?" இல்லை. "நானே சாட்சி சார், என் முன்னாலதான் சொன்னாரு" என்றேன். "மேடம், இது கம்பெனி. பஞ்சாயத்து இல்ல. நீங்களே இந்தத் துறையில இருந்துக்கிட்டு எழுதாததைப் போடச் சொல்றீங்களே" என்றார். சண்டை போட்டேன். மேஜையைத் தட்டிக்கூடப் பேசினேன். அந்தச் சத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அடுப்படியில் போட்டிருந்தால் போதும்.

அண்ணனிடம், "அடுத்த தடவ பாப்போம்ணே" என்றேன். "அதுக்கென்னத்தா, வரும்போது வரட்டும்" என்றார். அதன் பிறகு என் அறைப்பக்கம் வருவது குறைந்துபோனது.

ஆவணியில் ஹெட் ஆபீஸிலிருந்து உத்தரவு. முதல் யூனிட்டில் பழைய மிஷின்களை விற்றுவிட்டு அதை மூடப் போகிறார்கள். எல்லா யூனிட்டிலுமாகச் சேர்த்து ஆட்களைக் குறைக்க வேண்டும். மற்ற யூனிட்டுகளுக்கு வரும் புது மிஷின்களை விற்றவனே வந்து பார்த்துக்கொள்வான், கார்டு பற்றவைக்க ஆள் தேவையில்லை. யாரை அனுப்புவது என்ற பட்டியலும் அங்கிருந்தே வந்தது. எந்தக் கணக்கில் எடுத்தார்கள் என்று பார்த்தேன். ஏற்கெனவே போக நினைத்தவர்கள் முதலில். அண்ணன் பெயருக்கு நேரே நான் குறித்தது அப்படியே இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. வாக்குக் கொடுத்தது எந்தப் பேப்பரிலும் இல்லை, போகிறேன் என்று சொன்னது மட்டும் பேப்பரில் இருந்தது. இரண்டுமே என் வேலை.

அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்ததும் நான்தான். வேறு யாரையாவது விட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு கோழையாகவும் இருக்க முடியவில்லை. அவர் உட்கார்ந்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெளியேற விருப்பம் தெரிவித்தவர்னு போட்டுருக்கே. நான்தான் இருக்கேன்னு சொல்லிட்டனேத்தா."

"எல்லாருக்கும் அப்படித்தாண்ணே போடுறாங்க" என்றேன். பொய்.

"ஓ" என்றார். கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால், தான் சரிபண்ணி வைத்திருந்த கார்டுகளை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, எது எந்த மிஷினுக்கு என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, டிப்ளமோ பையன்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை எறிந்துவிட்டு நானும் கூடப் போயிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் மகளே சொன்னாள். நான் போகவில்லை. காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

கோயம்புத்தூருக்கு மறுபடி போன் போட்டுப் பார்த்தாராம். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். வேறு ஆளை அப்போதே எடுத்துவிட்டோம், இனி எடுத்தாலும் நாற்பத்தைந்து வயதுக்குள்தான் எடுப்போம் என்றார்களாம். இதை வேறு ஆட்கள் மூலமாகத்தான் கேள்விப்பட்டேன். நான் போன் போட்டால் மதினி எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள். நானாக இருந்தால் எடுத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவள் அதைக்கூடச் செய்யவில்லை.

எட்டு மாதம் அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. பேகம்பூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கட்டுகிற ஒரு கடையில் கூலிக்கு இருக்கிறார் என்று தெரியும். அந்தப்பக்கம் போகிற வேலை இருந்தால் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போவேன். தூக்கம் இல்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் சோறு இறங்காது. இந்த ஏப்ரலில் என்னுடைய சம்பளக் கடிதம் வந்தது. நல்ல உயர்வு. அதைப் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பேகம்பூருக்குப் போனேன்.

நல்ல வெயில். கடை முதலாளி பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அண்ணன் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணி மோட்டார் ஒன்றுக்குச் செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார், புதுசு. என்னைப் பார்த்ததும் முகம் சுளிப்பார், வா என்று சொல்ல மாட்டார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

"ஏத்தா, வா. இந்த வெயில்ல எதுக்கு வந்த? ஒக்காரு" என்றார்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு அந்தாள ஒங்க வீட்டுல வந்து சாப்பிடச் சொன்னது நான்தாண்ணே. சாப்பிட்டா நீங்க போக மாட்டீங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். அந்த லிஸ்டுல எழுதுனதும் நான்தான். எனக்குப் பிரமோஷன் தாரேன்னாங்க, அதுக்காகப் பண்ணுனேன்."

அவர் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. எண்ணிக்கை விட்டுப்போய்விடும் போலிருக்கிறது. அந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"தெரியும்த்தா."

"என்ன தெரியும்?"

"சாப்புடச் சொன்னது நீதான்னு அன்னைக்கே தெரியும். எலை போட்டதும் ஒன்னையப் பாத்துட்டுத்தான கை வச்சாரு. மெட்ராஸ்காரருக்கு அந்த வெவரம் எங்கிட்டு இருந்து வரும்?"

"தெரிஞ்சுமா இருந்தீங்க? பெறகு ஏண்ணே எழுதி வாங்கல? ஏண்ணே கோயமுத்தூர விட்டீங்க?" கத்திவிட்டேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

"அந்தாளு சாப்ட்டாருன்னா நான் இருந்தேன்?" என்றார் அண்ணன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அவரு யாரு, இன்னைக்கு இருப்பாரு, நாளைக்குப் போவாரு. நீயும்ல பக்கத்துல ஒக்காந்து சாப்ட்ட. என் தங்கச்சி முன்னால நின்னு பேசி முடிக்குது, அதுக்கு மேல என்ன பேப்பருன்னு இருந்தேன்."

நான் அங்கேயே, எண்ணெய் படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். வெட்கம் மானம் பார்க்காமல், நடுக்கடையில், சத்தம் போட்டு அழுதேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து போய் எதிர்க் கடையில் டீ சொல்லிவிட்டு வந்தார். டீ வந்ததும் தம்ளரை என் கையில் பிடித்துக்கொடுத்தார்.

"மக நல்லாப் படிக்குதா?"

தலையாட்டினேன்.

"ஏப்ரல் பொறந்துருச்சே. ஒனக்கு இந்த வருசம் சம்பளம் கூட்டுனாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "கூட்டுனாங்கண்ணே" என்றேன்.

"நெசமாவா? நல்லதா கூட்டுனாங்களா?"

"நல்லதாத்தாண்ணே."

முகம் மலர்ந்தது. கேலி இல்லை, குத்தல் இல்லை, எத்தனை உற்றுப் பார்த்தும் அந்த முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"எழுதிக் குடுத்துட்டாங்கள்ல?" என்றார்.

"குடுத்துட்டாங்கண்ணே."

"சூதானமா எடுத்து வச்சுக்கத்தா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.